பிரசவ வார்டுக்கு ஒத்திகை எதற்கு?

தமிழ்நாட்டில் வீட்டிலேயே பிரசவம் நடந்தால் இன்று அது பேப்பரில் வரும் செய்தி. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. கிராம சுகாதாரச் செவிலியர்கள் வீடு வீடாகப் போய் எழுதி வைத்ததும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் ராத்திரி பகலாகச் செவிலியர் இருப்பதும், 108 வண்டியும், மாவட்டம்தோறும் அவசரப் பிரசவச் சிகிச்சைக்காக உள்ள சீமாங்க் மையங்களும் சேர்ந்து கொண்டுவந்த மாற்றம் இது. சாதாரணச் சாதனை இல்லை.

ஆனாலும் இன்னொரு கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில், ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் இந்திய அளவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54 பேர். கேரளத்தில் 19 பேர். இரண்டு மாநிலங்களிலும் கிட்டத்தட்ட எல்லாப் பெண்களும் ஆஸ்பத்திரிக்கு வந்துதான் பிள்ளை பெறுகிறார்கள். அதற்குப் பின் நம் எண்ணிக்கை இன்னும் இறங்கியிருக்கிறது என்பது உண்மை. இருந்தாலும் இந்த வித்தியாசத்துக்கு, 'ஆஸ்பத்திரிக்கு வரவில்லை, அதனால் இறந்தார்கள்' என்ற பழைய காரணத்தைச் சொல்ல முடியாது. இதய நோய், தொற்று, ரத்தசோகை என்று மாதக்கணக்கில் முன்பே தொடங்கும் காரணங்களும் இருக்கின்றன. மீதியில் பெரும்பங்கு, பிரசவ அறைக்குள் நடக்கும் சில நிமிடங்களைச் சேர்ந்தது. அந்த நிமிடங்களுக்காக ஊழியர்களை எப்படித் தயார்செய்வது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை

குழந்தை வெளியே வந்ததும் நஞ்சு பிரிகிறது. அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் வாய் திறந்து நிற்கும். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடுகிறது. அந்த வாய்களை அடைப்பது கருப்பையின் தசைதான். தசை இறுகினால் குழாய்கள் நெரிபட்டு மூடிக்கொள்ளும். தளர்ந்து கிடந்தால் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில், அதாவது வார்டில் எல்லோரும் சொல்லும் பி.பி.எச்.-இல், பெரும்பகுதி இந்தத் தளர்ச்சியால் வருவது.

இதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதில் எந்தக் குழப்பமும் கிடையாது. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி. அதன் பிறகும் ரத்தம் போனால் கருப்பையைப் பிசைந்துவிடுவது, ஆக்சிடோசினை டிரிப்பில் ஏற்றுவது, மூன்று மணி நேரத்துக்குள் டிரனெக்ஸாமிக் அமிலம் ஒரு கிராம், கூடவே சலைன், எங்காவது கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பது, பெரிய டாக்டரைக் கூப்பிடுவது. எதுவும் விலை உயர்ந்ததில்லை. எதுவும் புதியதும் இல்லை.

பிறகு ஏன் சாவு? முதல் காரணம், கவனிக்கத் தாமதமாகிறது. ரத்தம் துணியில் ஊறுகிறது, கட்டிலுக்கடியில் பக்கெட்டில் விழுகிறது, பனிக்குட நீரோடு கலக்கிறது. கண்ணால் பார்த்து 'ஒரு முந்நூறு மில்லி இருக்கும்' என்று சொன்னால், உண்மையில் போனது அதைவிட மிக அதிகமாக இருக்கும். கர்நாடகத்தின் பெலகாவியில் ஜே.என். மருத்துவக் கல்லூரி சார்ந்த ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு எளிய வழி ஒன்று கண்டார்கள். தாயின் இடுப்புக்கடியில் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு, அதன் நுனியில் அளவுக்கோடு போட்ட ஒரு பை. அந்தப் பையில் அளந்ததோடு ஒப்பிட்டபோது, கண் மதிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது.

இரண்டாவது காரணம் பி.பி. நிறைமாதப் பெண்ணின் உடலில் ரத்தம் வழக்கத்தைவிடக் கிட்டத்தட்ட பாதி அளவு கூடுதலாக இருக்கிறது. இளம் உடல் வேறு. ஒரு லிட்டர் போகும்வரைகூட பி.பி. இறங்காமல் தாக்குப்பிடிக்கும். முதலில் ஏறுவது நாடித்துடிப்பு. 'பி.பி. நார்மல்தானே' என்று காத்திருக்கும் வார்டில், பி.பி. விழும்போது நேரம் கைவிட்டுப் போயிருக்கும்.

இந்த இரண்டையும் சரிசெய்தால் என்ன ஆகும் என்பதற்கு 2023-இல் விடை வந்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள். ஆய்வின் பெயர் இ-மோட்டிவ். பாதி மருத்துவமனைகளில் வழக்கமான முறை. மறுபாதியில் எல்லாத் தாய்க்கும் அளவுப் பை, ரத்தம் எல்லையைத் தாண்டியதும் மேலே சொன்ன சிகிச்சைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் ஒரே மூச்சில். அதற்கான பயிற்சியை அந்தந்த வார்டிலேயே கொடுத்தார்கள். வழக்கமான மருத்துவமனைகளில் பி.பி.எச். வந்த தாய்மாரில் பாதிப் பேருக்குத்தான் அது வந்திருப்பதே கண்டுபிடிக்கப்பட்டது. புது முறையில் 93 சதவீதம். கடுமையான ரத்தப்போக்கு, அறுவை, மரணம் ஆகியவற்றைச் சேர்த்து எடுத்த கணக்கு 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆக இறங்கியது. புதிய மருந்து ஒன்றுகூட இதில் சேர்க்கப்படவில்லை.

குழந்தை அழவில்லை

இன்னொரு அவசரம் இதைவிடக் குறுகியது. பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கு மூச்சைத் தொடங்க ஏதோ ஓர் உதவி தேவைப்படுகிறது. பெரும்பாலானவற்றுக்கு நன்றாகத் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டாலே போதும். சிலவற்றுக்கு முகமூடி வைத்து, ஆம்பு பையை அழுத்தி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்த வேண்டும். நூற்றில் ஒன்றுக்கும் குறைவான குழந்தைக்கே அதற்கு மேற்பட்ட பெரிய சிகிச்சை தேவை. இந்தக் காற்று முதல் நிமிடம் முடிவதற்குள் போயாக வேண்டும். மூளை அதிக நேரம் காத்திருக்காது.

சொல்லுவதற்குச் சுலபம். முகமூடி மூக்கையும் வாயையும் மூட வேண்டும், கண்ணில் படக்கூடாது, ஓரத்தில் காற்று கசியக்கூடாது. தலை அதிகம் மடங்கினாலும் மூச்சுவழி அடைபடும், அதிகம் நிமிர்ந்தாலும் அடைபடும். 'ஊது... இரண்டு... மூன்று' என்ற தாளத்தில் நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை அழுத்த வேண்டும். சரியாகப் போகிறது என்பதற்குக் கண்ணில் தெரியும் அடையாளம், குழந்தையின் மார்பு மெல்ல எழும்புவது. மார்பு எழும்பாமல் பையை மட்டும் அழுத்திக்கொண்டிருப்பது வீண். கை பதறும்போது பழைய பழக்கங்கள் தலைதூக்கும்: தலைகீழாகத் தூக்குவது, பாதத்தில் தட்டிக்கொண்டே இருப்பது, சளியை உறிஞ்சியபடி நிமிடத்தைக் கரைப்பது, ஆக்சிஜன் சிலிண்டரைத் தேடி ஓடுவது. பெரும்பாலான நிறைமாதக் குழந்தைகளுக்கு முதலில் வேண்டியது சாதாரணக் காற்றுதான்.

2020 கணக்கின்படி இந்தியாவில் ஆயிரம் குழந்தைகளில் 28 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அவர்களில் 20 பேர் முதல் 28 நாட்களுக்குள் போய்விட்டார்கள். மூச்சுத்திணறல் அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று.

ஒரு நாள் வகுப்பு ஏன் போதாது

நம் ஊரில் பயிற்சி என்றால் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வடிவம் உண்டு. மாவட்டத் தலைநகரில் ஒரு ஹால், பவர்பாயிண்ட், பதினொரு மணிக்கு டீ, கூட்டாகப் போட்டோ, கடைசியில் சான்றிதழ். ஒரு நிலையத்திலிருந்து ஒருவரைத்தான் விடுவிக்க முடியும், ஏனென்றால் மற்றவர் டியூட்டி பார்க்க வேண்டும். போனவர் திரும்பி வந்து மற்றவர்களுக்குச் சொல்லித்தருவார் என்று எதிர்பார்ப்பு.

பச்சிளங் குழந்தைகளுக்கு மூச்சூட்டும் பயிற்சியை மத்திய அரசு 2009-இல் இரண்டு நாள் பாடமாக நாடெங்கும் கொண்டுவந்தது. நல்ல பாடம். ஆனால் பாடத்துக்கும் பிரசவ அறைக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை மிகத் தெளிவாகக் காட்டியது வடதான்சானியாவின் ஹைடம் என்ற ஊரில் உள்ள ஒரு கிராமப்புற லூத்தரன் மருத்துவமனை. 2010-இல் அங்கே ஊழியர்களுக்கு ஒரு நாள் மூச்சூட்டும் பயிற்சி கொடுத்தார்கள். ஏழு மாதம் கழித்து பொம்மையை வைத்துச் சோதித்தபோது எல்லோரும் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். சந்தோஷமாக முடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த ஆய்வாளர்கள் உண்மையான பிரசவங்களையும் கூடவே கவனித்திருந்தார்கள். அங்கே எந்த மாற்றமும் இல்லை. பொம்மைக்குச் சரியாகக் காற்று கொடுத்த அதே கைகள், குழந்தைக்கு முன்போலவே தாமதமாகக் கொடுத்தன.

அடுத்து அவர்கள் செய்தது ரொம்ப எளியது. பொம்மையைப் பிரசவ அறையிலேயே வைத்தார்கள். டியூட்டிக்கு வருகிறவர் வாரத்துக்கு ஒரு தடவை மூன்று முதல் ஐந்து நிமிடம் பயிற்சி செய்தால் போதும். மாதத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் நீண்ட பயிற்சி. பிறந்த 24 மணி நேரத்துக்குள் நிகழும் மரணம் ஆயிரத்துக்கு 11-லிருந்து 7 ஆகக் குறைந்தது. அதே ஊழியர்கள், அதே மருத்துவமனை. பயிற்சி வந்த விதம்தான் மாறியது. எனக்குத் தெரிந்தவரை, மருத்துவப் பயிற்சி பற்றிய ஆய்வுகளில் இவ்வளவு மலிவான பாடம் வேறு கிடையாது. நாதஸ்வரக்காரர் வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் சாதகம் செய்துவிட்டுக் கல்யாணத்துக்கு வாசிக்கப் போவதில்லை.

ஒத்திகை நேரில் எப்படி இருக்கும்

மூச்சூட்டுவது ஓரளவு தனிக் கைத்திறன். பி.பி.எச். அப்படியில்லை. அது நாலு பேர் சேர்ந்து செய்யும் வேலை. ஆகவே அதன் ஒத்திகையும் கூட்டாகத்தான் நடக்க வேண்டும்.

பிற்பகல் மூன்று மணி, வார்டில் சற்று ஓய்வான நேரம். செவிலியர் ஒருவர் கட்டிலில் தாயாகப் படுத்துக்கொள்கிறார். அவர் வயிற்றில் கட்டிய பையில் சிவப்புச் சாயத் தண்ணீர். இதற்கென்றே 'மாமா நேட்டலி' என்று ஒரு கருவி விற்கிறது. இல்லாத இடத்தில் காலி சலைன் பையும் குழாயும் வைத்துச் சமாளிக்கலாம். "சிஸ்டர், எனக்கு ஒரு மாதிரி வருது" என்கிறார் படுத்திருப்பவர். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து எழுதத் தொடங்குகிறார்.

முதல் தடவை நடப்பது பெரும்பாலும் இதுதான். மூன்று பேர் ஒரே வேலையைச் செய்வார்கள், இன்னொரு வேலையை ஒருவரும் செய்ய மாட்டார்கள். "யாராவது டாக்டருக்குப் போன் போடுங்க" என்று சத்தம் வரும். யார் அந்த யாராவது என்று சொல்லாததால் போன் போகாது. டிரனெக்ஸாமிக் ஆம்பூல் எந்த அலமாரியில்? சாவி இன்சார்ஜ் சிஸ்டரிடம். அவர் ஸ்டோருக்குப் போயிருக்கிறார். பெரிய ஊசியைத் தேடுகிறார் ஒருவர், இருப்பதெல்லாம் குழந்தைக்கான சின்ன ஊசி. கடிகாரத்தில் ஏழு நிமிடம் ஓடியிருக்கும், முதல் மருந்து இன்னும் ஏறியிருக்காது.

ஹாலில் நடக்கும் வகுப்பு இந்தச் சாவியைக் காட்டித்தராது. ஒத்திகையின் பாதிப் பயன் இங்கேதான் இருக்கிறது. அன்று சாயங்காலமே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பி.பி.எச். மருந்துகள், ஊசிகள், குழாய்கள் எல்லாவற்றையும் போட்டு, பூட்டில்லாமல் கட்டில் பக்கத்தில் வைத்துவிடலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று மூடியில் ஒரு பட்டியல். ஆக்சிடோசின் மட்டும் ஃபிரிட்ஜில், 2 முதல் 8 டிகிரிக்குள். வெயில் காலத்தில் டிரேயில் நாள் முழுக்கக் கிடந்த ஆம்பூலை நம்பி எந்தத் தாயையும் விட முடியாது. வீரியம் குறைந்த மருந்தைப் போட்டுவிட்டு, 'போட்டோமே, கேட்கவில்லையே' என்று நிற்பதைவிட மோசமான நிலை இல்லை.

மூன்றாவது நான்காவது ஒத்திகைக்குப் பிறகு பேச்சே மாறிவிடும். "அக்கா, நீங்க வயித்தைப் பிடிங்க. செல்வி, ஆக்சிடோசின் டிரிப் போடு." உடனே பதில்: "ஆக்சிடோசின் டிரிப் போடறேன்... ஓடுது, மூணு பத்து." கேட்டதைத் திரும்பச் சொல்வது, செய்ததை நேரத்தோடு சொல்வது. இது தானாக வருவதில்லை, பழகிப் பழகித்தான் வரும்.

இந்த முறையை நிலைநாட்டிக் காட்டியவற்றில் ஒன்று இங்கிலாந்தின் பிரிஸ்டலில் உள்ள சவுத்மீட் மருத்துவமனை. 2000-ஆம் ஆண்டு முதல் அங்கே பிரசவ வார்டின் மருத்துவச்சிகள், டாக்டர்கள், மயக்க மருந்து நிபுணர்கள் எல்லோரும் ஒரே அறையில் சேர்ந்து ஆண்டுதோறும் அவசரங்களை ஒத்திகை பார்க்கிறார்கள். ஜூனியர், சீனியர் பாகுபாடு இல்லாமல் எல்லோரும். பிராணவாயு கிடைக்காமல் மூளை பாதிக்கப்பட்டுப் பிறந்த குழந்தைகள் பத்தாயிரத்துக்கு 27-ஆக இருந்தது, சில ஆண்டுகளில் பாதியாகக் குறைந்தது. தலை வந்த பிறகு தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்தான நிலையில், குழந்தைக்குக் காயம் ஏற்படுவது 9.3 சதவீதத்திலிருந்து 2.3 ஆனது. தலையைப் பிடித்து இழுப்பதை நிறுத்தி, தாயின் தொடைகளை நன்றாக மேலே மடக்கச் சொல்வது என்ற எளிய செயலை எல்லோருக்கும் பழக்கியதன் பலன் இது.

எல்லா இடத்திலும் பலித்ததா?

இல்லை. அதையும் சொல்ல வேண்டும். பிரிஸ்டல் பாடத்தை ஸ்காட்லாந்தின் 12 பிரசவ வார்டுகளில் கொண்டுபோய்ச் சோதித்தபோது, குழந்தைகளின் நிலையில் எதிர்பார்த்த முன்னேற்றம் தெரியவில்லை.

நம் நாட்டிலும் ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. உத்தரப் பிரதேசத்தின் 24 மாவட்டங்களில் 120 மருத்துவமனைகள், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான பிரசவச் சரிபார்ப்புப் பட்டியலை, பயிற்றுநர்களை அனுப்பி, ஊழியர்களிடம் பழக்கினார்கள். 2017-இல் முடிவு வெளிவந்தது. செய்ய வேண்டியவற்றைச் செய்வது கூடியது. பயிற்றுநர் வந்துபோய்க்கொண்டிருந்த இரண்டாம் மாதத்தில் நூற்றுக்கு 73, அவர்கள் போய்ச் சில மாதங்கள் ஆன பிறகு 62. ஆனால் தாய், சேய் மரணத்தில் வித்தியாசம் இல்லை.

ஏன்? பட்டியலில் டிக் அடிப்பது ஒரு வேலை. ரத்தம் கொட்டும்போது ரத்தம் ஏற்றுவது, சிசேரியனுக்கு எடுத்துப்போவது, மூச்சில்லாத குழந்தைக்குக் காற்று கொடுப்பது வேறு வேலை. அடிப்படைக் கவனிப்பு சீரான பிறகும், சிக்கல் வந்தால் கைகொடுக்க ஆளும் திறமையும் ரத்த வங்கியும் பக்கத்தில் இல்லாவிட்டால் மரணம் குறையாது. பயிற்சியைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு இதை மறைப்பது நியாயமில்லை. ஒரு ஷிஃப்டில் ஒரே ஒரு செவிலியர், வலியில் மூன்று பெண்கள் என்ற இடத்துக்குப் பொம்மையை அனுப்பிவைப்பது கேலிக்கூத்து. அதேபோல, பிரசவ அறையில் கை பழகிய செவிலியரை ஆறு மாதத்தில் எலும்பு முறிவு வார்டுக்கு மாற்றுவது, பயிற்சிக்குச் செலவழித்த பணத்தை வாய்க்காலில் விடுவது போல. ஒப்பந்தச் சம்பளத்தில் எப்போது வேலை போகுமோ என்று இருப்பவரிடம் பல ஆண்டு அனுபவத்தையும் எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்று நமக்கே உரிய சிக்கல். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன், தனியார் ஆஸ்பத்திரிகளில் 63.8. தேவைப்பட்டு நடப்பது உயிரைக் காக்கும். தேவையில்லாமல் நடந்தால் ரத்த இழப்பும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு தவறான இடத்தில் ஒட்டும் ஆபத்தும் கூடும். இளம் டாக்டர்களுக்குச் சிக்கலான சுகப்பிரசவத்தைக் கையாளும் வாய்ப்பும் அருகிக்கொண்டே போகிறது. பார்க்காததைக் கை கற்காது.

வாய் திறக்க முடிகிறதா

மரண விசாரணைகளில் திரும்பத் திரும்ப வரும் காட்சி மருந்து இல்லாதது அல்ல. ஒருவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது, சொல்லவில்லை. அல்லது சொன்னார், யாரும் கேட்கவில்லை.

இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி, டெல்ஃபோர்ட் மருத்துவமனைகளில் நடந்ததைப் பற்றி மருத்துவச்சி டோனா ஓக்கென்டன் 2022 மார்ச்சில் கொடுத்த அறிக்கை இதற்கு வேதனையான சாட்சி. 1,486 குடும்பங்களின் கதை அதில் ஆராயப்பட்டது. கவனிப்பு ஒழுங்காக இருந்திருந்தால் 201 குழந்தைகளும் 9 தாய்மார்களும் பிழைத்திருக்க வாய்ப்பிருந்தது என்றது அறிக்கை. பணக்கார நாடு, படித்த ஊழியர்கள், எல்லாக் கருவிகளும் உண்டு. பெற்றோர் சொன்னதைக் கேட்கவில்லை, ஊழியர்கள் பேசப் பயந்தார்கள், நடந்த தவறிலிருந்து பாடம் படிக்கவில்லை, பணியாளர் போதவில்லை. அந்த நான்கில் எது நம் வார்டில் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

ராத்திரி இரண்டரை மணிக்கு ஒரு செவிலியர் டாக்டரை எழுப்புகிறார். "மேடம், மூணாம் பெட் அம்மாவுக்குக் கொஞ்சம் ப்ளீடிங் இருக்கு..." "கொஞ்சம் பார்த்துட்டுச் சொல்லுங்க." போன் வைக்கப்படுகிறது. போன தடவை எழுப்பியதற்குத் திட்டு வாங்கியவர் இன்னும் அரை மணி நேரம் பொறுப்பார். அதே அழைப்பு இப்படி இருந்தால்? "மேடம், லேபர் வார்டு. மூணாம் பெட், ரெண்டாவது பிரசவம், நார்மல் டெலிவரி ஆகி நாற்பது நிமிஷம். பையில 700 மில்லி. பல்ஸ் 124, பி.பி. 110. கருப்பை தளர்ந்திருக்கு. ஆக்சிடோசின், டிரனெக்ஸாமிக் ரெண்டும் போயாச்சு. நீங்க இப்பவே வரணும்." நாடித்துடிப்பின் எண் மேல் பி.பி. எண்ணைத் தாண்டியிருக்கிறது என்பதைக் கேட்ட எந்த டாக்டரும் மறுபடி தூங்க மாட்டார். இப்படிப் பேசுவதையும் ஒத்திகையில்தான் பழக்க வேண்டும். பழக வேண்டியவர்கள் செவிலியர்கள் மட்டுமில்லை. எழுப்பியதற்காக ஒருவரைத் திட்டாமலிருக்க டாக்டர்களும் பழக வேண்டும். இரண்டாவதுதான் கடினம் என்பது என் எண்ணம்.

இறந்த தாயின் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்ப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1990-களிலிருந்தே ஒவ்வொரு தாய் மரணத்தையும் பதிவுசெய்து ஆராயும் வழக்கம் இங்கே வளர்ந்தது, கலெக்டர் மட்டத்தில் கூட்டம் நடக்கிறது. ஆனால் அந்தக் கூட்டம் 'யார் காரணம்' என்று தேடத் தொடங்கினால் அடுத்த கேஸ் ஷீட் கவனமாகத் திருத்தி எழுதப்பட்டு வரும். கேரளத்தில் 2004 முதல் மகப்பேறு மருத்துவர் சங்கமும் அரசும் சேர்ந்து தாய் மரணங்களைப் பெயர், ஊர், ஆஸ்பத்திரி எதுவும் தெரியாதபடி மறைத்துப் படிக்கின்றன. இங்கிலாந்தில் 1952-லிருந்து நடந்துவரும் முறை அது. கேரளத்தில் இந்த ஆய்வில் கிடைத்த பாடங்களை எடுத்து ரத்தப்போக்குக்கும் ரத்தக்கொதிப்புக்கும் தரமுறைகள் வகுத்து, ஒத்திகையும் நடத்தினார்கள். தொடக்கத்தில் பார்த்த 19 என்ற அந்த எண்ணுக்கு இதுவும் ஒரு காரணம்.

பேசும் விதத்தைப் போலவே பழைய வழக்கத்தையும் மாற்ற வேண்டிய இடம் இன்னொன்று உண்டு. எடை குறைந்த குழந்தைகள் விஷயத்தில் பயிற்சிக்குரிய பொருளே மாறிவிட்டது. தாயின் மார்போடு தோலோடு தோல் சேர்த்து வைக்கும் கங்காரு முறையை, குழந்தை சற்றுத் தேறிய பிறகுதான் தொடங்குவது வழக்கமாக இருந்தது. டெல்லியும் பங்குகொண்ட 2021 ஆய்வில், பிறந்த உடனே தொடங்கினால் மரணம் கால்பங்கு குறைகிறது என்று தெரிந்தது. அப்படியென்றால் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தாய்க்கும் ஒரு கட்டில் வேண்டும். தாயை வெளியே பெஞ்சில் உட்காரவைக்கும் வழக்கத்தை அங்குள்ள செவிலியர்கள் மறக்கவும் பழக வேண்டும்.

உங்கள் வீட்டில் பிரசவம் என்றால்

ஆஸ்பத்திரியைத் தேர்வுசெய்யும்போது நாம் கேட்பது ஏ.சி. அறை உண்டா, பேக்கேஜ் எவ்வளவு, லேடி டாக்டரா என்பதுதான். இனி இன்னும் சிலவற்றையும் கேளுங்கள். ராத்திரியில் மயக்க மருந்து டாக்டர் இங்கேயே இருப்பாரா, வர எவ்வளவு நேரம் ஆகும்? ரத்தம் எங்கிருந்து வரும்? குழந்தைக்கு மூச்சு கொடுக்கத் தெரிந்தவர் ஒவ்வொரு பிரசவத்திலும் கூடவே நிற்பாரா? அவசரங்களுக்கு ஒத்திகை நடத்துகிறீர்களா, கடைசியாக எப்போது? கேட்டால் கோபப்படும் ஆஸ்பத்திரியும் உண்டு. அந்தக் கோபமும் ஒரு பதில்தான்.

அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத்தின்போது ஒரு பெண் உடனிருக்கத் தமிழ்நாட்டில் வெகுநாளாகவே அனுமதி உண்டு. அதை விட்டுவிடாதீர்கள். கூட இருப்பவரின் வேலை கையைப் பிடித்துக்கொள்வதோடு முடிவதில்லை. பிரசவமான முதல் இரண்டு மணி நேரம் கவனமாக இருக்க வேண்டும். பேட் வேகவேகமாக நனைந்தால், தாய்க்குப் படபடப்பு, வியர்வை, தலைசுற்றல் வந்தால், முகம் வெளுத்தால், உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். 'இதெல்லாம் சகஜம்மா' என்று பதில் வந்தால் நாடியை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். நூறைத் தாண்டியிருந்தால் டாக்டரை வரவழைக்கச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம், அது உங்கள் உரிமை.